கம்முனுரு மாஸ்டரும் குனிகிற தெருவும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் நாய்களிடம் மட்டும் மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் கம்முனுரு மாஸ்டர்தான். நாய் என்றால் ‘வாங்க, குந்துங்க, சாப்டுங்க.’ நாயை வளர்க்கிறவன் என்றால், அவன் வக்கீலானாலும் வாழைமண்டி முதலாளியானாலும், ‘டேய்.’ கழுத்தில் ஒரு விசில் தொங்கும். நாயைப் பழக்குகிறவர் என்பதால் அது நாய்க்கு என்று நினைத்துவிடக் கூடாது. விசில் நமக்கு. நாய் தப்புச் செய்தால் மாஸ்டர் நம்மைப் பார்த்து ஊதுவார். நாய் சரியாகச் செய்து நாம் மகிழ்ந்து வாயைத் திறந்தால் அதற்கும் ஊதுவார். ஊதி முடித்ததும் ஒரே வாக்கியம்: “கம்முனு இரு!”

அதுவே பெயரானது. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

விழுப்புரத்தில் ஏதோ ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, உலகத்தின் மேல் ஓயாத எரிச்சல். பஸ் ஸ்டாண்டில் வரிசை தப்பி நிற்கிறவர்களை யாரென்று தெரியாவிட்டாலும் தோளைப் பிடித்து நேராக்குவார். அவர்களும் நேராகிவிட்டு, பஸ் ஏறியபிறகுதான் ‘யாருய்யா அந்த ஆளு?’ என்று கேட்பார்கள்.

இதை நான் கோபத்தில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், வெயிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயைப் பார்த்துச் சும்மா குனிந்தார். கையில் கல் இல்லை. காலடியிலும் கல் இல்லை. குனிந்தார், அவ்வளவுதான். அந்த நாய் கனவிலிருந்து நேராகப் பயத்துக்குள் எழுந்து, ஒரு கால் மற்றொரு காலில் தடுக்க, இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஓடியது. அவர் சிரித்தார். மீதி டீயைக் குடித்தார். ஒரு உயிரின் மதியத்தைக் கிழித்துப் போட்டோம் என்ற எண்ணம் துளியும் இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மாஸ்டரின் ஞாபகம் வந்தது.

எங்கள் லட்டுவும் குனிந்தால் பயப்படுகிற நாய்தான். ஆனால் அது ஓடாது. பாயும்.

திருவெண்ணெய்நல்லூர்க் கரும்புக் காட்டிலிருந்து என் மச்சான் கொண்டுவந்து தந்த குட்டி. அதன் தாய், முயல் விரட்டுகிற வேட்டை நாய். குட்டியும் காற்றைச் சீவி வைத்ததுபோல் ஒல்லியாக, காலெல்லாம் நீளமாக வளர்ந்தது. உடம்பில் உருண்டையாக ஒன்றுமே இல்லாத அந்தப் பிராணிக்கு லட்டு என்று பெயர் வைத்துவிட்டு, என் மகள் புதுச்சேரிக்குப் படிக்கப் போய்விட்டாள். பெயர் அவளுடையது, பாடு என்னுடையது.

லட்டுவிடம் இரண்டு பழக்கங்கள். ஓடுவது எதுவானாலும் துரத்தும்: ஸ்கூட்டர், கோழி, சைக்கிள், காற்றில் போகும் பாலித்தீன் பை. குனிவது யாரானாலும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். இந்த இரண்டாவது பழக்கம் உள்ள நாய்க்குத் தமிழ்நாட்டுத் தெருவைவிடக் கொடுமையான இடம் வேறில்லை. யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் தெரு முழுக்கக் குனிகிறது. சாணம் தெளிக்கக் குனிகிறது, பெருக்கக் குனிகிறது, கோலம் போடக் குனிகிறது. வீட்டுக்கு வீடு ஒரு பெண் குனிந்து நிற்க, எங்கள் கேட்டுக்குப் பின்னால் லட்டு உலகம் முழுக்கத் தன்மேல் கல்லெறியக் கூடிவிட்டதாக நம்பிக் கதறும். கோலங்கள் கோணின. பக்கத்து நயினார் வீட்டுச் சாந்தம்மா, செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், எறும்பு மேல் கால் படாமல் நடக்கிறவர், அவரே ஒருநாள் கோலப்பொடி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடினால் என்ன ஆகும்? லட்டுவின் முதல் பழக்கம் விழித்துக்கொள்ளும். கேட்டைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, அவர் வீட்டுக் கதவு லட்டுவைவிட வேகமாக மூடியது.

எதிர்வீடு வீடல்ல, தேவராஜின் பைக் மெக்கானிக் கடை. மெக்கானிக்கின் தொழிலே குனிவது. காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தால், சாயங்காலம் ஷட்டரை இறக்கத்தான் மறுபடி நிமிர்வார். நாளெல்லாம் லட்டு அவரைப் பார்த்துக் குரைக்கும். நாளெல்லாம் அவர் லட்டுவைப் பார்த்து எதையாவது எறிவார்: கல், பழைய பிளக், ஒருமுறை சைலன்ஸர் மூடி. எறிய எறியக் குரைப்பு. குரைக்கக் குரைக்க எறிதல். எது முதலில் தொடங்கியது என்று இருவருக்குமே மறந்துபோன சண்டை.

ஒருநாள் கேட் திறந்திருந்தது. தேவராஜின் லுங்கி கிழிந்தது. பல் தோலில் படவில்லை, லட்டுவுக்கு ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. ஆனால் கிழிந்த இடம் மானத்துக்கு மிக அருகில். அதைக் கையால் பிடித்துக்கொண்டே தேவராஜ் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“சார், நீ படிச்சவன், பத்திரிகைலலாம் எழுதற. அதனால டீசன்ட்டா சொல்றேன். ஆயுத பூஜைக்குள்ள இந்த நாயி இங்க இருக்கக் கூடாது.”

“எங்க கொண்டுபோறது தேவராஜ்?”

“அந்தப் பேஜாரே உனக்கு வோணாம். என் மச்சான் குட்டியானை கீது. நானே சாக்குல போட்டு ஏத்திக்கினு போயி பெருமுக்கல் மலையாண்ட வுட்டுட்டு வந்துர்றேன்.”

குட்டியானை என்றால் அந்தச் சின்ன லோடு வண்டி. அவர் சொன்னால் செய்வார். தெருவும் அவர் பக்கம்தான். மலையடிவாரத்தில் விடப்பட்ட, ஓடுவதையெல்லாம் துரத்துகிற நாய் ஆட்டு மந்தைக்காரர்களிடம் எத்தனை நாள் பிழைக்கும்?

அதன்பின் ஆலோசனைகள் வந்தன. சோற்றில் பச்சை மிளகாய் அரைத்து வை, சொரணை வரும். காதில் ஊது, அடங்கும். பக்கத்தில் வைத்துச் சரவெடி கொளுத்து, பயம் தெளியும். பயந்த பிராணிக்குப் பயத்தையே மருந்தாகக் கொடுக்கச் சொல்லும் இந்த ஞானத்தை எந்தக் கல்லூரியில் படித்தார்களோ! என் மச்சான் போனில், “சங்கிலி போடுங்க மாமா, தானா வழிக்கி வரும்” என்றான். மோட்டார் ஷெட் பக்கம் சங்கிலி போட்டோம். வழிக்கு வரவில்லை. முன்பு வந்த குரைப்பில் கேள்வி இருந்தது. இப்போது வந்ததில் சாபம் இருந்தது.

யாரோ மாஸ்டரின் நம்பர் தந்தார்கள். போன் செய்தேன்.

“சார், எங்க நாய்க்கு ஒரு பிரச்சனை...”

“நாய்க்கி இன்னா பிரச்சனைன்னு அவங்களக் கேட்டுக்கறேன். உனக்கு இன்னாடா பிரச்சனை?”

அடுத்த ஞாயிறு விடியும்போதே வந்து நின்றார். வரும்போதே கொதித்துக்கொண்டு. கையில் ஒரு மஞ்சள் பை. பையில் கருவாடு. நாய்க்குப் பரிசு தர. அந்த வாசனைக்காக மயிலம் கூட்ரோட்டில் கண்டக்டர் அவரை இறக்கிவிட்டாராம். “ஒரு கருவாட்டுக்கு இந்த மூஞ்சி சுளிக்கறான், அவன் மேல அடிக்கிற சென்ட்டு வாசனைல என் கண்ணு அவிஞ்சிபோச்சு, நான் அவன எறக்கி வுட்டனா?” என்று ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே என்னைக் கேட்டார். நான்தான் கண்டக்டர் என்பதுபோல.

லட்டு கட்டப்பட்டிருந்ததைப் பார்த்தார். சங்கிலியை அவிழ்த்தார். பெல்ட்டைக் கழற்றினார். பிறகு அந்தப் பெல்ட்டை என் கழுத்தில் மாட்டி, சங்கிலியை மோட்டார் ஷெட் கம்பியில் கொக்கி போட்டுவிட்டு, என் மனைவி மீனாவிடம், “ஒரு டீ கொண்டாம்மா, சர்க்கரை தூக்கலா” என்றார்.

மீனா டீ போட்டுத் தந்தாள். அவர் குடித்தார். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

“எப்டிடா கீது?”

“கழுத்து அரிக்குது சார்.”

“எதிர்ல ஒருத்தன் குனிஞ்சி கல்லு எடுக்கறான்னு வெய்யி. ஓட முடியுமா?”

“முடியாது சார்.”

“அப்ப இன்னா பண்ணுவ?”

“கத்துவேன் சார்.”

“கம்முனு இரு.”

மீனா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரு தலை இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கம்பியைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் சங்கிலி நல்ல சங்கிலி. நானே தேர்ந்தெடுத்து வாங்கியது.

அன்று மாஸ்டர் லட்டுவைத் தொடவே இல்லை. ஒரு முறைகூட நேராகப் பார்க்கவில்லை. மண் தரையில் அதற்கு முதுகைக் காட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையைத் திறந்து, அதில் கருவாட்டுத் துண்டு வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வெயில் ஏறியது. எறும்பு வந்தது. அவர் அசையவில்லை. லட்டு சுற்றிச் சுற்றி வந்தது, உறுமியது, தூரம் போனது, திரும்பி வந்தது. கடைசியில் கழுத்தை மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாத பொருள்போல நீட்டி, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டது.

“சாப்டுங்க, சாப்டுங்க” என்றார் மாஸ்டர், திரும்பாமலே. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது பி.டி. மாஸ்டரின் குரல் இல்லை.

பிறகு எனக்குப் பாடம். “கேட்டுக்கடா. இவங்க தொரத்தறது வேற, கடிக்க வர்றது வேற. ஓடறதப் பாத்தா இவங்க காலு தானா ஓடும். கோவம் இல்ல, ஆசை. பரோட்டாக் கல்லுச் சத்தம் கேட்டா உனக்கு வாய் ஊறல? அப்டி. குனியறவனப் பாத்துப் பாயறாங்க பாரு, அது பயம். அவன் அடிக்கறதுக்கு முன்னாடி நாம மெரட்டிருவோம்னு. ஆசைக்கும் பயத்துக்கும் ஒரே மருந்து குடுத்தின்னா நீ போலி டாக்டர்டா.”

ஆசைக்கு மருந்தாக என்னை ஓடவிட்டார். நீளக் கயிற்றின் நுனியில் என் பழைய பனியனைக் கட்டி, ஏரிக்கரை மைதானத்தில் நான் இழுத்துக்கொண்டு ஓட, லட்டு துரத்த வேண்டும். ‘வுடுங்க’ என்று மாஸ்டர் சொன்னதும் லட்டு நிற்க வேண்டும். நின்றால் லட்டுவுக்குக் கருவாடு. “ஓடாதன்னு சொல்றது ஒரு பாடமா? எங்க ஓடலாம்னு சொல்லு. நீதான் மொயலு. ஓடு!” எனக்குத் தொப்பை உண்டு. முயலுக்குத் தொப்பை இருந்தால் உலகில் எந்த வேட்டை நாயும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலை நடைக்கு வந்த அத்தனை பேரும் நடையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் நின்றால் விசில். விழுந்தால் விசில். ‘வுடுங்க’ என்றதும் சில சமயம் லட்டு நின்றது. பல சமயம் லட்டுவுக்கு முன்பே நான் நின்றேன்.

பயத்துக்கு மருந்து என்னிடம் இல்லை, தெருவிடம் இருந்தது. அடுத்த ஞாயிறு கோலம் போடும் நேரத்தில் தெருமுனையில் நின்று மாஸ்டர் விசிலை ஊதினார். வாளியும் துடைப்பமுமாய் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க! இனிமே எவளும் சும்மா குனியக் கூடாது! குனியறதுக்கு முன்னாடி அந்தக் கேட்டாண்ட ஒரு துண்டு கருவாட்டப் போடணும். போட்டுட்டுக் குனி. குனிஞ்சா கல்லு வரும்னு அவங்க நெனச்சிக்கினு கீறாங்க. குனிஞ்சா கருவாடு வரும்னு நெனைக்கணும்!”

கோலத்துக்கும் கருவாட்டுக்கும் சம்பந்தம் கற்பித்த முதல் மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். தெரு கொந்தளித்தது. ‘எவளும்’ என்று சொன்னதற்குத் தனியாக ஒரு கொந்தளிப்பு. எல்லோரையும்விடச் சாந்தம்மாதான் நடுங்கிப்போனார்.

“ஐயோ, எங்க வாசல்லயா? நாங்க முட்டை ஓட்டக்கூடத் தொட மாட்டோம். நீங்க மீன் போடச் சொல்றீங்களே!”

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “மல்லாட்ட சாப்டுவியா?” வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

“அது சாப்டுவோம்.”

“அப்ப மல்லாட்டயப் போடு. எல்லாரும் மல்லாட்டயே போடுங்க. தோலு உரிச்சி, வறுத்து. உப்பு போட்டீங்க, கொன்னுருவேன்.”

முதலில் சாந்தம்மா மட்டும்தான் போட்டார். துரத்தப்பட்டவர் அவர், போட்டவரும் அவர். அதன்பின் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டது. கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வறுத்த மல்லாட்டை டப்பா. லட்டுவின் கதறல் குரைப்பாகி, குரைப்பு முனகலாகி, முனகல் ஒருநாள் சப்புக்கொட்டலாக மாறியது. மழை மாதம் தொடங்கும் முன், எங்கள் தெருவில் பெண்கள் குனிய, கேட்டுக்குப் பின்னால் ஒரு வேட்டை நாய் எச்சில் ஒழுக வாலாட்டிக்கொண்டு நின்றது.

இதில் சேராதவர் ஒருவர்தான். தேவராஜுக்கு ஞாயிறு கடை விடுமுறை. வீடும் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். மாஸ்டரை அவர் பார்த்ததே இல்லை. நான் மல்லாட்டை டப்பாவைக் கொடுத்தபோது அதைத் திறந்து தானே தின்றார். “நல்லாத்தான் கீது. நாயிக்கு எதுக்கு சார் வேஸ்ட் பண்ற?” பிளக்கும் கல்லும் தொடர்ந்தன. தெரு முழுக்கக் குனிந்தாலும் பயப்படாத லட்டு, தேவராஜ் ஒருவர் குனிந்தால் பழையபடி ஆனது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நாளை பூசணிக்காய் உடைப்பார்கள், வெடி வெடிப்பார்கள் என்று கெஞ்சி மாஸ்டரை வேலை நாளிலேயே வரவழைத்திருந்தேன். அவர் வழக்கம்போல எங்கள் கேட்டுக்குள் லட்டுவுக்கும் தெருவுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. தேவராஜ் குட்டியானையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சாக்கு, கயிறு, கையில் ஒரு குச்சி. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“சார், டைம் முடிஞ்சிபோச்சு. ஓரமா போ.” என்னைத் தள்ளினார். மாஸ்டரின் முதுகைப் பார்த்தார். “இன்னா பெருசு, மூஞ்சத் திருப்பிக்கினு குந்திக்கினு கீற? நாயி உங்கூட சண்டையா?”

சொல்லிவிட்டுக் கீழே விழுந்த கயிற்றை எடுக்கக் குனிந்தார். லட்டு சுவரோரம் ஒடுங்கிப் பல்லைக் காட்டியது. மாஸ்டர் சட்டென்று திரும்பி, வலது கையை ஓங்கி, இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினார்.

“டேய்! கம்முனு இரு!”

தேவராஜின் கையிலிருந்து எல்லாம் விழுந்தது. நாற்பதைக் கடந்த, ஒற்றைக் கையால் புல்லட்டை ஸ்டாண்டு போடுகிற அந்த மனிதர், இரண்டு கைகளாலும் இடது காதை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடி, சுவரோடு ஒண்டிக்கொண்டார். அவருக்கு இந்தப் பக்கம் லட்டு. வாலைக் காலிடுக்கில் செருகி, காதை மண்டையோடு ஒட்டி, அதே சுவரோடு ஒண்டிக்கொண்டு. இரண்டு உடம்பும் ஒரே கோணத்தில் வளைந்திருந்தன.

மீனா சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

மாஸ்டரின் கை மேலேயே நின்றது. இவரைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கை மெதுவாக இறங்கியது. “நீ... எந்த க்ளாஸ்டா?”

“எட்டாவது பி செக்‌ஷன் சார்.” கண் திறக்காமலே பதில் வந்தது. பிறகு கண் திறந்தது. திறந்ததும், அத்தனை வருஷம் ஷட்டருக்குள் கிடந்தது வெளியே வந்தது.

“ஷூ வெள்ளையா இல்லன்னு காதோட சேத்து ஒண்ணு குடுத்தியே, ஞாபகம் கீதா? சாக்பீஸ் வாங்கித் தேய்ச்சிக்கினு வரணும்னு சொன்ன. எனக்கு ஷூவே என் அண்ணன் போட்டுக் கிழிச்சது. சாக்பீஸுக்கு நான் எங்க போவேன்? எல்லாரும் பாக்க அடிச்ச. அன்னிக்கி வூட்டுக்குப் போனவன்தான், ஸ்கூல் பக்கமே திரும்பல, விழுப்புரத்த வுட்டே வந்துட்டேன். இன்னிக்கும் எவனாவது விசில் அடிச்சா இந்தக் காது கொய்ய்ன்னுது. நாயி பயந்தா கருவாடு, மல்லாட்ட, வாங்க, குந்துங்க! எங்களுக்கு இன்னா குடுத்த நீ?”

தெரு முழுக்க வாசலில் நின்றது. எனக்கு மாஸ்டர் மேல் இருந்த மரியாதை, தண்ணீர் வற்றுகிற தொட்டிபோலச் சத்தமில்லாமல் இறங்கியது. அதன் இடத்தில் வந்தது கோபம். நாய்க்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்றா? ஒரு கேன்வாஸ் ஷூவின் வெள்ளைக்காக ஒருவன் வகுப்பறையைக் கறுப்பாக்கினாயா? கேட்க வாயெடுத்தேன். நான் கேட்க எதுவும் பாக்கி இல்லை.

மாஸ்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “அடிச்சா எல்லாரும் கம்முனு இருந்தீங்க. நான் அத ஒழுக்கம்னு நெனச்சிக்கினேன்.”

கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். மீனாவிடம் போய்க் கை நீட்டினார். அவள் மல்லாட்டை டப்பாவைக் கொடுத்தாள். ஒரு பிடி எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, தேவராஜின் கடை வாசலில், ஆயில் ஊறிய மண்ணில், கடைக்கு முதுகைக் காட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையைத் திறந்து வைத்தார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

தேவராஜுக்கு உச்சிக்கேறியது. “யோவ், என்ன இன்னா நாயின்னு நெனச்சிக்கினியா? எழுந்து போயா!”

மாஸ்டர் கையை இன்னும் கொஞ்சம் பின்னால் நீட்டினார்.

“பூஜைக்குக் கடை கழுவணும், தண்ணி வுடுவேன், நனைவ!”

நனைந்தார். தேவராஜ் கடையைக் கழுவினார். ஸ்பேனர்களை வேண்டுமென்றே தகரத்தில் போட்டுச் சத்தமெழுப்பினார். வந்து நின்ற வாடிக்கையாளர்களிடம், “அது ஒண்ணும் இல்ல, பைத்தியம்” என்றார். வெயில் ஏறியது. மாஸ்டர் நீட்டிய கையை இறக்கவில்லை.

நாங்கள் கேட்டை மூட மறந்திருந்தோம். லட்டு வெளியே போனதை நான் பார்த்தபோது அது சாலை நடுவில் இருந்தது. தேவராஜ் ஒரு வண்டியின் செயின் பக்கம் குனிந்திருந்தார். அருகில் ஸ்பேனர். லட்டு நேராக மாஸ்டரிடம் போய், அந்தக் கையிலிருந்து இரண்டு மல்லாட்டையை எடுத்துத் தின்றது. பிறகு அவருக்கும் தேவராஜுக்கும் நடுவில் உட்கார்ந்து, குனிந்திருந்த தேவராஜையே பார்த்தது. குரைக்கவில்லை. தெருவே குனிந்து குனிந்து சொல்லித் தந்த பாடம்: குனிந்தவர் எதையாவது தருவார்.

தேவராஜ் திரும்பினார். கைக்கெட்டும் தூரத்தில் நாய். “இன்னா பாக்கற?”

லட்டு சப்புக்கொட்டியது.

“அதுக்கு மல்லாட்ட வேணுமாம்ண்ணா” என்றாள் மீனா, எங்கள் வாசலிலிருந்து.

தேவராஜ் நாயைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். விரல் படாமல், நெருப்பிலிருந்து எடுப்பதுபோல அந்த உள்ளங்கையிலிருந்து ஒரே ஒரு பருப்பை எடுத்தார். “உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. இது நாயிக்கி.” லட்டுவின் முன் போட்டார். அது தின்றது. இன்னொன்று எடுத்தார்.

குட்டியானை அன்று பெருமுக்கலுக்குப் போகவில்லை. மறுநாள் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தபோது லட்டு எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தது. சில பயங்கள் போகாது.

மாஸ்டர் அதன்பின் நாய் வேலையே இல்லாமல் அடிக்கடி வந்தார். வேலை நாளாகப் பார்த்து. கடை வாசலில் முதுகைக் காட்டி உட்காருவார். தேவராஜ் திட்டுவார். ஒருநாள், “சும்மாதான குந்திக்கினு கீற, அந்தப் பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர எடு” என்றார். மாஸ்டர் பதினான்கை எடுத்துக் கொடுத்தார். “எட்டாவது பி-ல உன்னமாரி ஒருத்தன் இருந்திருந்தா நீ இன்னா பண்ணிருப்ப?” என்று தேவராஜ் கேட்டார். மாஸ்டர் பன்னிரண்டைத் தேடிக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

பிறகு மாஸ்டருக்கு முட்டி போய்விட்டது. வருவது நின்றது. தேவராஜ் சில வாரம் பொறுத்தார். பிறகு என் வாசலில் வந்து நின்றார், லுங்கி கிழிந்த அன்று வந்த அதே முகத்தோடு.

“அந்த ஆளு ஏன் வர்ல?”

“முட்டி வலியாம். நடக்க முடியல.”

“நல்லா வேணும்” என்றார். போனார். திரும்பி வந்தார். “ஞாயித்துக்கெழம கடை லீவு. குட்டியானை சும்மாத்தான் கீது. லட்டுவுக்கு வெளிய போய்ட்டு வந்தா நல்லது, இல்ல?”

போனோம். விழுப்புரத்தில் ரயில் பாதையோரம் சின்ன வீடு. மாஸ்டர் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், தொப்பியில்லாமல், எதிர்பார்க்காத அளவு சின்ன மனிதராக. என்னைப் பார்த்து, “மூஞ்சப் பாரு, ஓட்டத்த நிறுத்திட்டியாடா?” என்றார். லட்டுவைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்றார். தேவராஜைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை.

தேவராஜ் கீழ்ப்படியில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஆயில் கறை போகாத கையைப் பின்னால் நீட்டித் திறந்து வைத்தார்.

“இன்னாடா இது...” என்று மாஸ்டர் தொடங்கினார்.

“கம்முனு இரு சார்.”

மாஸ்டர் கம்மென்று இருந்தார். ஒரு ரயில் போனது. லட்டு அதைத் துரத்தலாமா என்று எழுந்து, யோசித்து, உட்கார்ந்தது. ரயிலின் சத்தம் அடங்கியபிறகு மாஸ்டரின் கை மெல்ல நீண்டு, அந்த உள்ளங்கையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்துக்கொண்டது.

அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அது தீரும்வரை ஞாயிறுதோறும் போய்வருவதாக இருக்கிறேன்.